ரயிலை விட்டிறங்கி ஒரு கணவாயை நடந்து கடவுங்கள்

விருந்தாளிகள் வந்தால் யுங்ஃப்ரௌயோக் மலை நிலையத்துக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய், பனியில் நிறுத்திப் படம் எடுத்து, அதே ரயிலில் இறக்கிக்கொண்டு வருவதுதான் சுவிஸில் எங்கட வழக்கம். நானும் வருசக்கணக்காக அதைத்தான் செய்தேன். போன ஆவணியில் மச்சாளோடு கெம்மிக் கணவாயை நடந்து கடந்த பிறகு என் எண்ணமே மாறிவிட்டது. போன வழியே திரும்பி வருகிற பயணம் வேறு. காலையில் ஒரு பள்ளத்தாக்கில் புறப்பட்டுப் பின்னேரம் இன்னொன்றில் போய் இறங்குவது வேறு.

கண்டர்ஸ்டெக் ஊரில் இருந்து சுன்பூல் வரை கேபிள் கார், அதற்குப் பிறகு கால்தான். முதலில் ஸ்பித்தல்மத்தே என்ற மேய்ச்சல் வெளி. 1895 செப்டம்பரில் அல்தெல்ஸ் மலையின் பனிப்பாளம் உடைந்து விழுந்து 6 பேரையும் நூற்றுக்கு மேற்பட்ட மாடுகளையும் கொன்றது இங்கேதான். இப்பவும் மாட்டு மணிச்சத்தம் கேட்கிறது. நாங்கள் இருவரும் கனநேரம் கதைக்கவில்லை.

மேலே டௌபன்சே ஏரி. வெளியே ஓட அதற்கு ஆறே இல்லை, தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. "எங்கட யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புக் கல்லுதானே" என்றாள் மச்சாள்.

2,270 மீற்றரில் கணவாய். மறுபக்கம் செங்குத்துப் பாறை, காலடியில் கிட்டத்தட்ட 900 மீற்றர் கீழே லொய்க்கர்பாட் ஊர். மேலிருந்து பார்த்தால் பாதை இருப்பதே தெரியாது. 1739 முதல் 1741 வரை ஒஸ்ரியாவின் தீரோல் பகுதித் தொழிலாளர்கள் அந்தப் பாறையில் வெட்டிய பாதை, வளைந்து வளைந்து இறங்குகிறது. பக்கத்திலேயே கேபிள் கார் இருக்கிறது. தயவுசெய்து அதில் இறங்காதீர்கள், முழங்கால் நலமாக இருந்தால். இந்த நடையின் உயிரே அந்த இறக்கம்தான்.

வழியெல்லாம் மஞ்சள் பலகைகள். கிலோமீற்றர் இல்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கும். மலையில் மனிசருக்கு வேண்டிய கணக்கு அதுதான். நடைபாதைகளைப் பேணுவதை 1979இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்த நாடு இது. அகதியாக வந்து இங்கே வரி கட்டுகிற எங்களுக்கும் அந்தப் பாதை உரியது. நாற்பது வருசமாக மலையை யன்னலால் பார்த்தது போதும்.

வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி கண்டால் அது மலைப்பாதை, பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். பனி முழுதாகக் கரைந்த பிறகு போங்கள்.

திரும்பும்போது ரயில் லொட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருண்ட யன்னலைப் பார்த்தபடி மச்சாள் கேட்டாள்: "அந்தப் பக்கத்தால எப்ப ஏறுவம்?"