கீட்டோ ஒன்றுதான் வழி என்பது சரியல்ல

"மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சோறும் தின்கிற வரை குமரி மாவட்டத்துக்காரருக்கு எடை இறங்காது, கீட்டோ ஒன்றுதான் வழி, தேங்காய் எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் உடம்பில் ஒட்டாது" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கீட்டோ என்றால் மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறை. அண்ணனுக்கு அதில் எடை குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் எல்லோருக்கும் அதுதான் என்பது தப்பு.

2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரில் ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறுபாதிக்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் சராசரியாக முறையே 6 கிலோ, 5.3 கிலோ குறைந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே முறையைப் பின்பற்றியவர்களுக்குள்ளேயே சிலருக்கு நிறைய இறங்கியது, சிலருக்கு எடை கூடவே செய்தது.

கீட்டோவில் முதல் வாரம் மளமளவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்புறம், தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது.

மரச்சீனியை விடவே வேண்டாம். தட்டு நிறையக் கிழங்கு, ஓரத்தில் ஒரு சாளை மீன் என்பதை மாற்றி, கிழங்கைக் கொஞ்சமாக வைத்து மீனையும் கீரைத் துவரனையும் (தேங்காய் போட்ட பொரியல்) கூட்டிப் பாருங்கள். குளச்சலில் வலை இழுப்பவருக்கும் நாகர்கோவிலில் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அளவு ஒன்றாக இருக்காது. மாதக்கணக்கில் உங்களால் எதைத் தொடர முடிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருந்தளவை மாற்றாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.