திப்பியில் எத்தனால்: சிக்கல் ஈஸ்டில் இல்லை, ஈரத்தில்

சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, மாவுப்பாலை வடித்த பிறகு சல்லடையில் நிற்கும் சக்கைதான் திப்பி. அதில் எத்தனால் எடுக்கலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. எடுக்கலாம், அதில் சந்தேகமே இல்லை. 2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையே மரவள்ளியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் ஈஸ்டையும், சாராயம் வடிக்கும் வாலையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். திப்பியின் சிக்கல் அதில் இருக்கும் தண்ணீர். அதற்கு வழி செய்யாமல் ஆலைக்கு ஆலை சின்ன எத்தனால் யூனிட் போடுவது பணத்தைத் தொட்டியில் கொட்டுவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகி, அது முழுவதும் நொதித்தால் 0.72 லிட்டர் எத்தனால். இது ஏட்டுக் கணக்கு. நன்றாக ஓடும் ஆலையில் 0.62 முதல் 0.65 வரை கிடைக்கும். காய்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து, சில ஆலைகளில் அதற்கும் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சல்லடையிலிருந்து விழும் திப்பியில் 80 முதல் 85 சதவீதம் தண்ணீர். ஒரு டன் ஈரத் திப்பியில் திடப்பொருள் 150 கிலோ, அதில் மாவுச்சத்து 80 கிலோ. எத்தனால் 50 லிட்டர். அதாவது நொதித்த கரைசலில் சாராயம் 5 சதவீதம்தான். ஒரு லிட்டர் எத்தனாலுக்காக 19 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, பிறகு அந்த 19 லிட்டரையும் கழிவாகச் சமாளிக்க வேண்டும். 10 சதவீதக் கரைசலாக இருந்தால் 9 லிட்டர்தான். நீராவிச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

களத்தில் காயப்போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். மாட்டுத்தீவனத்துக்குச் சரி, எத்தனாலுக்கு வேண்டாம். ஈரத் திப்பி ஒரே நாளில் புளிக்கத் தொடங்கிவிடும், மழைக்காலத்தில் களத்திலேயே பூசணம் பிடிக்கும். லாக்டிக் அமிலப் பாக்டீரியா தின்ற மாவு திரும்பி வராது. அது விட்டுவைக்கும் அமிலம் பின்னால் ஈஸ்டையும் முடக்கும். கரைசலில் லாக்டிக் அமிலம் 0.8 சதவீதத்தைத் தொட்டால் நொதிப்பு தளர்ந்துவிடும். களத்து மணலும் கூடவே வந்து பம்ப் இம்பெல்லரை அரித்துவிடும்.

வேக வைக்கும் தொட்டியில்தான் முழு விளையாட்டும். 50 டிகிரி வரை கலவையைச் சிரமமில்லாமல் கலக்கலாம். 65ஐத் தாண்டியதும் மரவள்ளி மாவு உப்பி, தொட்டியே களி கிண்டியது போல இறுகும். கலக்கி மோட்டாரின் ஆம்பியர் ஏறும், பெல்ட் வழுக்கும். நடுவில் கட்டி நின்றால் அதன் உள்ளே என்சைம் போகாது, அந்த மாவு வேகாமலே கடைசி வரை போய்க் கழிவில் விழும். ஆகவே மாவை உடைத்து இளக்கும் என்சைமான ஆல்ஃபா அமைலேஸில் மூன்றில் ஒரு பங்கைச் சூடேற்றும் முன்பே போட வேண்டும், மீதியை 85 டிகிரியில். திப்பியில் நாரும் பெக்டினும் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அமைலேஸ் மட்டும் போதாது. நாரையும் பெக்டினையும் உடைக்கும் செல்லுலேஸ், பெக்டினேஸ் கலந்த என்சைமை 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வேலை செய்யவிட்டால் கலவை கண்முன்னே இளகும். அந்த நார்ச்சுவருக்குள் சிக்கிக் கிடக்கும் மாவும் அப்போதுதான் வெளியே வரும். அரவையில் உடையாத செல்களுக்குள் மாட்டிய மாவுதானே திப்பியில் மிச்சமிருப்பது.

அமிலத்தன்மையையும் பார்க்க வேண்டும். புளித்த திப்பி வந்தால் பிஹெச் 4 பக்கம் நிற்கும், அங்கே சாதாரண ஆல்ஃபா அமைலேஸ் படுத்துவிடும். சுண்ணாம்பு போட்டு 5.5 முதல் 6 வரை ஏற்றலாம், என்சைமுக்கு வேண்டிய கால்சியமும் அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் பிறகு நொதிப்புக்காகச் சல்ஃபூரிக் அமிலம் விட்டு 4.5க்கு இறக்கும்போது ஜிப்சம் உண்டாகி, வெப்பமாற்றிக் குழாய்களில் படியும். திப்பி புதிதாக வந்தால் இந்த ஏற்ற இறக்கமே பெரும்பாலும் வேண்டாம்.

வெந்துவிட்டதா என்பதற்கு அயோடின் சோதனை போதும். ஒரு கரண்டி கலவையை ஆறவிட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு அயோடின். கருநீலம் வந்தால் மாவு அப்படியே இருக்கிறது. செம்பழுப்பு வந்தால் உடைந்திருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம். ஆறவிடாமல் சூட்டோடு சோதிப்பவர்கள் ஏமாறுவார்கள், சூட்டில் நீலம் தெரியாது.

அதன்பின் 32 டிகிரிக்குக் குளிர்வித்து, உடைந்த மாவைச் சர்க்கரையாக்கும் குளூக்கோ அமைலேஸையும் ஈஸ்டையும் சேர்த்தே விடலாம். 48 முதல் 60 மணி நேரம். நொதிப்பே சூட்டை உண்டாக்கும் என்பதால் சேலத்து ஏப்ரலில் குளிர்விப்பு இல்லாவிட்டால் 37ஐத் தாண்டி ஈஸ்ட் சோர்ந்துவிடும். திப்பியில் புரதம் மிகக் குறைவு. ஈஸ்டுக்கு நைட்ரஜன் தனியாகத்தான் தர வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ யூரியா.

அப்படியானால் என்னதான் வழி? திப்பியை உலர்த்தாமல், அன்றன்றைக்கே பல சேகோ ஆலைகளுக்கும் பொதுவான ஓர் எத்தனால் ஆலைக்குக் கொண்டுபோய், மக்காச்சோள மாவோடு கலக்க வேண்டும். ஒரு டன் ஈரத் திப்பிக்கு 150 கிலோ மக்காச்சோள மாவு. சோளத்திலிருந்து 60 லிட்டர் கூடுதலாக வரும், கரைசல் 10 சதவீதத்தைத் தொடும். கலவைக்கு வேண்டிய தண்ணீர் திப்பியிலேயே இருக்கிறது, வெளியிலிருந்து எடுக்க வேண்டாம். சோளத்தின் புரதம் ஈஸ்டுக்கும் உதவும், வடித்த பிறகு மிஞ்சும் சக்கைக்கும் தீவன மதிப்பைக் கொடுக்கும். வெறும் திப்பிச் சக்கை நார்தான், தீவனக்காரர் விலை தர மாட்டார். கிழங்கு வரத்து இல்லாத மாதங்களிலும் சோளத்தால் ஆலை ஓடும். மாவை ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று தவணையாகப் போடவேண்டும், இல்லையென்றால் மீண்டும் களிதான்.

பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதத் தூய்மை வேண்டும். வாலை எவ்வளவு நல்லதானாலும் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் 3 ஆங்ஸ்ட்ரம் அளவு நுண்துளை உள்ள சியோலைட் சல்லடை வேண்டும், தண்ணீர் மூலக்கூறு அதன் துளைக்குள் நுழையும், எத்தனால் நுழையாது. இந்தக் கருவியின் விலையை ஆலைக்கு ஆலை போடும் சின்ன யூனிட் எப்படித் தாங்கும்? உரிமம் இல்லாமல் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். எத்தனால் ஆவி 13 டிகிரியிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும், நம் ஊரில் அதைவிடக் குளிரான நாள் ஏது?

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். எத்தனால் வருகிறது என்பதற்காகத் திப்பியில் மாவை விட்டுவைக்கக் கூடாது. கிழங்கை பாயிண்ட் கணக்கில், அதாவது அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் பார்த்து, விலை கொடுத்து வாங்குகிறோம், அந்த மாவு முதலில் ஜவ்வரிசியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாரமும் சல்லடை வாயில் 100 கிராம் திப்பி எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி, மாவுச்சத்து சோதனைக்கு அனுப்புங்கள். காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் இரண்டிலும் எடுங்கள். எண் ஏறினால் எத்தனாலுக்கு நல்லது என்று சந்தோஷப்பட வேண்டாம். அரவை உருளையின் பல் மழுங்கியிருக்கிறது, கழற்றி மாற்றுங்கள்.