ஒரு நாள் படித்ததற்கு இவ்வளவு பேச்சா?

24 மணித்தியால வாசிப்பு மரதன் ஒன்றில் கலந்துகொண்டு, படித்ததைப் பற்றி மணிக்கு மணி குறிப்புப் போட்டேன். அதைக் கிண்டல் செய்து நம்ம ஐயா ஒருவர் போட்ட ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்பிவைத்த எல்லோருக்கும் நன்றி. இனி யாரும் அனுப்ப வேண்டாம், தேவையான அளவு பார்த்துவிட்டேன். "விமர்சகி ஒரே இரவில் நூலகத்தையே விழுங்கிவிட்டார்" என்ற வரியையும் பார்த்தேன், அதற்குக் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்தேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் "டீச்சர், நம்ம புத்தகத்தைப் பத்தியும் நாலு வரி எழுதுங்களேன்" என்று இன்பொக்ஸில் வந்தவர்கள். சரி, அது இருக்கட்டும்.

ஐயாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவர், இலங்கை மலையகத்து ஹட்டனில் எந்த இலக்கியக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் இருப்பவர். அதனால் மரியாதையோடுதான் எழுதுகிறேன். முடிந்தவரை.

முதலில் நான் கலந்துகொண்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கமெண்டுகளைப் பார்த்தால் அது ஏதோ சாக்கு ஓட்டம், தேசிக்காய் ஓட்டம் மாதிரி யார் முதலில் முடிப்பது என்ற போட்டி என்று நினைத்திருக்கிறார்கள். டியூவி என்ற பெயரில் வலைப்பதிவு எழுதிவந்த ஒரு பெண் 2007 ஒக்டோபரில் தொடங்கிய வாசிப்பு மரதன் அது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து வாசித்தவர்கள் அவர் பெயரிலேயே அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆரம்பம். நியூயோர்க்கில் காலை எட்டு மணி என்றால் நமக்குப் பின்னேரம் ஐந்தரை. அவர்கள் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பகல் வெளிச்சத்தில் தொடங்குவார்கள், நாங்கள் இருட்டுகிற நேரத்தில் தொடங்க வேண்டும். பரிசு கிடையாது. முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. இத்தனை பக்கம் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இடையில் தூங்கலாம், சமைக்கலாம், கடைக்குப் போகலாம்.

"24 மணித்தியாலமும் விழித்திருந்தாராம், யாருக்குக் கதை விடுகிறார்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? இரண்டு மணிக்கு, "கண் சொக்குது, படுக்கப் போகிறேன்" என்று நானே பதிவு போட்டேன். ஸ்கிரீன்ஷொட்டில் அது மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாள். யாரும் கூப்பிடாத, கையில் இருக்கும் புத்தகத்தைக் கீழே வைக்கத் தேவையில்லாத ஒரு முழு நாள். அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் நான் எப்படிப் படிக்கிறேன் என்று ஐயாவுக்குத் தெரிய நியாயமில்லை. கொட்டகலைக்குப் போகிற பஸ்ஸில் சீட் கிடைத்தால் பத்துப் பக்கம். பாடசாலையில் ஃப்ரீ பீரியட் கிடைத்தால், அதுவும் வராத டீச்சரின் வகுப்புக்கு என்னை அனுப்பாமல் இருந்தால், இன்னொரு பத்துப் பக்கம். இரவு சோறு வடியும் வரைக்கும் ஒரு ஐந்து பக்கம். இப்படித் துண்டு துண்டாக ஒரு நாவலை மாதக்கணக்கில் இழுத்துப் படித்து முடிக்கும்போது மூன்றாம் அத்தியாயத்தில் வந்த மாமா யார், இருபதாம் அத்தியாயத்தில் அவர் எதற்கு அழுகிறார் என்று மறந்துபோய்விடுகிறது. பிறகு உட்கார்ந்து "பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை" என்று விமர்சனம் எழுதுகிறோம். நிற்காதது யாருடைய குறை? அந்த மாதிரி வாசிப்பைத்தான் "ஆழ்ந்த வாசிப்பு" என்கிறீர்கள். ஒரே மூச்சில், எழுதியவர் வைத்த ஒழுங்கிலேயே, ஒரு கதையின் சூடு ஆறுவதற்குள் அடுத்த கதைக்குப் போய்ப் படித்தால் அது மேம்போக்கு!

கணக்குக்கே வருவோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வையுங்கள். 120 பக்கப் புத்தகத்துக்கு நாலு மணித்தியாலம். நம்ம நாட்டில் வருகிற தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளில் பல அந்த அளவுதான். இதில் விழுங்குவதற்கு என்ன இருக்கிறது? மெதுவாக மென்று தின்றாலே முடிந்துவிடும்.

"எல்லாப் புத்தகத்தையும் இப்படிப் படிக்க முடியுமா" என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். முடியாது. அன்றைக்கு நான் கவிதைத் தொகுப்பு எதையும் தொடவில்லை. கவிதையை வரிசையாகப் படித்தால் நாலாவது கவிதைக்குப் பிறகு காது அடைத்துவிடும். தம்பிக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. மணிக்கு மணி நான் போட்டதெல்லாம் குறிப்பு. "இந்தக் கதையில் தராசு வருகிற இடம் நன்றாக இருக்கிறது" என்று இரண்டு வரி எழுதினால் அது விமர்சனம் ஆகிவிடாது. விமர்சனம் பிறகு வரும், புத்தகத்தை மறுபடி புரட்டி, பென்சில் கோடுகளைப் பார்த்து, எழுதி, அடித்து, திரும்ப எழுதி. இந்த வித்தியாசம் ஐயாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனை நூல் வெளியீடுகளில் அவர் "ஆய்வுரை" நிகழ்த்தியிருக்கிறார்! அந்த மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன். வர்த்தகப் பிரமுகர் முதற்பிரதி வாங்குவார், காசு வைத்த என்வலப்புகள் போகும், படம் எடுப்பார்கள், பிறகு ஆய்வுரை. பின்னட்டையையும் முன்னுரையையும் மட்டும் பார்த்துவிட்டு முக்கால் மணித்தியாலம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்கப்படாமல் இருப்பது சபையிலிருந்தே தெரியும். அதை யாரும் வேகமான வாசிப்பு என்று கிண்டல் செய்வதில்லை. பொன்னாடை போர்த்துகிறோம்.

இப்போது அந்தக் கமெண்டுக்கு வருகிறேன். "வீட்டில் வேலை வெட்டி ஒன்றும் இல்லை போல." எழுதியவர் ஐயா இல்லை, ஆனால் அதற்கு லைக் போட்டது ஐயா.

சனிக்கிழமை விடியலில் எழுந்து இரண்டு நாள் உடுப்பையும் கழுவிப் போட்டேன். ஒக்டோபர் மழைக்கு முன்னால் காயவைக்க வேண்டுமே, இடி பின்னேரம் பார்த்துத்தான் வரும். கறி வைத்து மூடி, ஞாயிறு காலைக்கு ரொட்டிக்கு மாவு எடுத்துவைத்து, மகளின் யூனிஃபோர்ம் அயன் பண்ணி, மாமியாரின் மாத்திரைகளை வேளை வேளையாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடி இடித்துக் கரண்ட் போனது. சார்ஜ் லைட்டில் படித்தேன். அது மங்கியதும் போனில் நூலகம் இணையத்தளத்தைத் திறந்து பழைய மலையகக் கதைத் தொகுப்பு ஒன்றைப் படித்தேன். (2005-இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "வாசிக்கப் புத்தகம் எங்கே இருக்கு" என்று கேட்பவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.) ஞாயிறு சமைத்தது எங்கள் வீட்டுக்காரர். பருப்பு அடிப்பிடித்தது, சாப்பிட்டோம், யாரும் சாகவில்லை. ஒரு ஆம்பிளை இரவு முழுக்க கிரிக்கெட் பார்த்தால் வேலை இல்லாதவன் என்று யாராவது எழுதுகிறீர்களா? பொம்பளை ஒரு நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும் அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறீர்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நம்ம மண்ணுக்கு ஒட்டாது." இதுவும் ஒரு வாதம். மாசி மாதத்தில் தோட்டம் தோட்டமாக விடிய விடிய காமன் கூத்து ஆடுகிற மண் இது. பொன்னர் சங்கர் கதையை இரவிரவாக ஆடிப் பாடிக் கேட்ட சனம் நாங்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஒரு கதைக்குள் இருப்பதை எங்களுக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லித் தர வேண்டுமா? அவன் இங்கே கொண்டுவந்தது விடியலில் ஆள் எண்ணுகிற பெரட்டும் கொழுந்து நிறுக்கிற தராசும்தான்.

நான் படிக்கப் பழகியதே சுவரில்தான். எங்கள் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், சுவர் முழுக்கப் பழைய வீரகேசரிப் பத்திரிகை ஒட்டியிருக்கும், குளிருக்கும் கரிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, நாலு பக்கமும் எழுத்து. சில தாள்கள் தலைகீழாக ஒட்டியிருக்கும், தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டும். ஒரு தொடர்கதையின் ஒரு வாரம் எங்கள் சுவரில் இருந்தது, அடுத்த வாரம் பக்கத்துக் காம்பராச் சின்னம்மா வீட்டுச் சுவரில். அதைப் படிக்க நான் அவர்கள் வீட்டில் போய் நிற்பேன். சின்னம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து களைத்துப் படுத்திருப்பாள், "சத்தமா படிடி, நானும் கேக்குறேன்" என்பாள். அதற்கும் அடுத்த வாரம் எந்த வீட்டிலும் இல்லை. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை முடியும் வரை எழும்பாமல் இருக்க எனக்கு ஏன் ஆசை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதும்போதே ஐயாவின் அந்த மற்ற வரி ஞாபகம் வருகிறது. "தோட்டத் தொழிலாளி அரைவயிற்றோடு மலை ஏறும்போது தேத்தண்ணிக் கோப்பையும் புத்தகமுமாகப் படம் போடுவது ரசனைக் குறைவு." ஐயா, அந்தத் தொழிலாளி என் அம்மா. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கத்தி, 2021-இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அது வந்து ஒரு வருடத்தில் ரூபாய் விழுந்தது, கடதாசி விலை எங்கேயோ போனது. இன்றைக்குக் கொழும்பில் ஒரு புது நாவல் வாங்க ஒரு நாள் கூலி பத்தாத இடமும் உண்டு. 1920-களில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் நமக்காகப் பத்திரிகை நடத்தியபோது அதைத் தோட்டத்துக்குள் கொண்டுபோவதே பெரும்பாடு. வேலியைத் தாண்டி நம்ம கைக்கு எழுத்து வந்த கதை அப்படிப்பட்டது. ஆகவே கொழுந்து பறித்தவளின் மகள் ஒரு நாள் லீவு எடுத்துப் படித்தால் அது தொழிலாளிக்குச் செய்கிற துரோகம் என்று தயவுசெய்து எனக்கு வகுப்பு எடுக்காதீர்கள். எங்கள் கஷ்டத்தை மேடையில் பேசலாம், ஆவணப்படுத்தலாம், நாங்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்று 2023-இல் "மலையகம் 200" என ஊர் ஊராக விழா எடுக்கலாம். நாங்கள் சும்மா உட்கார்ந்து, சந்தோஷத்துக்காக, ஒரு கதை படிக்கக் கூடாது. அப்படித்தானே?

இவ்வளவையும் நான் தாங்கியிருப்பேன். ஆனால் மஸ்கெலியாப் பக்கத் தங்கச்சி ஒருத்தி, அன்றைக்கு நான் படித்த தொகுப்பை எழுதியவள், முதல் புத்தகம், இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போடுகிறாள்: "அக்கா, கோவிக்காதீங்க, என் புத்தகத்தை உண்மையிலேயே வாசிச்சீங்களா? எல்லாரும் சொல்றாங்க..."

அந்தப் புள்ளிகளுக்குத்தான் எனக்குக் கோபம். ஐயாவின் பகிடி போய் நின்ற இடம் அது. புத்தகம் போட்டு இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே வாசகியையும் சந்தேகப்பட வைத்தாயிற்று.

வாசித்தேன் தங்கச்சி. மூன்றாவது கதையில் தராசடியில் கணக்கப்பிள்ளை, நிறுத்த கொழுந்தில் கிலோ வெட்டுகிறான், பக்கம் பக்கமாக அவனே பேசுகிறான், அந்தக் கிழவி கடைசி வரை வாய் திறக்கவில்லை. அவளைப் பேச வைக்காமல் விட்டது உன் கெட்டித்தனம். கடைசி இரண்டு கதைகளிலும் ஆளைச் சாகடித்து முடித்திருக்கிறாய், அது தேவையில்லை. சாவு வந்தால் கதை கனத்துவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதே. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றை ஒன்று கெடுக்கிறது. இது உன் புத்தகத்தை ஒரே இருப்பில் படித்ததால்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு கதையை இன்றைக்கும் அடுத்ததைத் தைப்பொங்கலுக்கும் படித்திருந்தால் தெரிந்தே இருக்காது.

முழு விமர்சனத்தை எழுதி ஒரு ஞாயிறு இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். போட்டால் சந்தோஷம், போடாவிட்டால் இங்கேயே போடுவேன். அதற்கெல்லாம் காசு வருகிறதா என்று கேட்கும் அன்பர்களே, பஸ் செலவுக்குக்கூட வராது, நிம்மதியாக இருங்கள்.

ஏப்ரலில் மறுபடி இருக்கிறேன், ஐந்தரைக்கே உட்கார்ந்துவிடுவேன். கூட இருந்து படிக்க விரும்புகிறவர்கள் வரலாம், ஐயாவும் வரலாம். தங்கச்சியின் புத்தகம் வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், அவளோடு இணைத்துவிடுகிறேன். முந்நூறு பிரதி அடித்தாளாம், முக்கால்வாசி இன்னும் கட்டிலுக்கு அடியில். "ஐயாவை விடுங்க டீச்சர், பெரிய மனுசன்" என்று எழுத வருகிறவர்கள் அதில் ஒன்றை வாங்கிவிட்டு வந்து எழுதுங்கள்.