அரை வாளி கண்ணாடி

இன்று காலையும் அரை வாளி. கோத்தகிரியில் சாலையை ஒட்டிய என் தேயிலைத் தோட்டத்தின் மேல் வரிசையில் மட்டும் பொறுக்கியது இது. திங்கட்கிழமை விடிந்தால் எனக்கு இதுதான் முதல் வேலை. களை எடுப்பதற்கு முன், உரம் வைப்பதற்கு முன், செடியின் தூரில் கையை விட்டு பீர் பாட்டில் சில்லுகளைத் தேடுகிறேன். பழுப்புக் கண்ணாடிக்கும் காய்ந்த தேயிலைச் சருகுக்கும் ஒரே நிறம். கண்ணுக்குத் தெரியாது, கையில்தான் தெரியும்.

போன மாதம் கொழுந்து பறிக்க வந்த ஓர் அம்மாவுக்குக் காலில் தெரிந்தது. பாட்டிலின் அடிப்பாகம் வட்டம் குலையாமல், முனைகள் மேல்நோக்கி நின்றபடி சருகுக்குள் கிடந்திருக்கிறது. செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கிவிட்டது. நான்கு தையல். எட்டு நாள் அவரால் சரிவில் கால் ஊன்ற முடியவில்லை. எறிந்தவன் அந்நேரம் எந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தானோ!

எறிபவர்கள் மேல் எனக்குக் கொதிப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய கொதிப்பு, இந்த மலையில் ஒருவன் ஒரு பீரை மனிதனைப் போல உட்கார்ந்து குடிக்க இடம் வைக்காதவர்கள் மேல். அரசு மதுக்கடையின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பணத்தை நீட்டு, கையில் திணிப்பதை வாங்கு, போ. எங்கே போவது? தங்கும் விடுதியில் அனுமதி இல்லை. பார் என்ற பெயரில் இருக்கும் ஈரத்தரைக் கொட்டகைக்குள் குடும்பத்தோடு வந்தவன் நுழைய மாட்டான். எனவே கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்துகிறான். பனி மூட்டம், பாட்டு, பீர். பாட்டில் என் தோட்டத்துக்கு வருகிறது.

சென்ற ஆண்டு பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருமுனையில் இருந்த ஒரு சிறிய பீர் விடுதிக்கு அழைத்துப் போனான். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். அந்த ஊரில் 2010 வாக்கிலிருந்தே இத்தகைய விடுதிகள் இருக்கின்றன. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை, கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். கோதுமை பீரை முகர்ந்தால் வாழைப்பழ வாசனை. “பழம் எதுவும் போடவில்லை ஐயா, ஈஸ்ட் கொடுக்கும் வாசனைதான்” என்றார் காய்ச்சும் இளைஞர். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேத்தியோடு உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் கண் போன இடம் வேறு. மேசைகளில் ஒரு பாட்டில்கூட இல்லை! தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து தம்ளர். குடித்து முடித்தால் தம்ளரைக் கழுவி மறுபடி ஊற்றுகிறார்கள். எறிவதற்கு எதுவும் இல்லை. என் வாளி நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த மலைக்கு பீர் புதிதா? 1915-ல் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் உருவானபோது, அவற்றில் ஒன்று நீலகிரியின் பெயரையே தாங்கியிருந்தது. தேயிலை வருவதற்கு முன் படகர் நிலங்களில் பார்லி விளைந்தது. பெங்களூரில் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீரை ஓடவிட்டு உண்டாக்கும் குளிர், எங்கள் ஊரில் பாதி ஆண்டு வாசலிலேயே நிற்கிறது. இருந்தும் எங்களுக்கு வாய்த்தது கம்பி வலையும் பாட்டிலும்தான்.

சோதனைச் சாவடியில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறிமுதல் செய்கிறார்கள். சரிதான், செய்யட்டும். நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். நல்ல திட்டம், பாட்டில்கள் திரும்பவும் செய்கின்றன. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் அவசரத்தில் இருப்பவனுக்கு 10 ரூபாய் ஒரு காசா? உடைந்த பாட்டிலை எந்தக் கடை வாங்கும்?

பெங்களூரில் பார்த்ததுபோல ஒரு பீர் விடுதி இங்கும் வேண்டும் என்றால், “குடியை வளர்க்கச் சொல்கிறாயா?” என்று என் அண்ணனே கேட்கிறார். குடி ஏற்கெனவே வளர்ந்துதான் நிற்கிறது அண்ணா, என் தோட்டத்துச் சரிவில் நிற்கிறது. நான்கு சுவருக்குள், வெளிச்சத்தில், தம்ளரில் குடிக்கட்டும் என்கிறேன். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் குட்டியோடு சாலையைக் கடக்கின்றன. யானையின் உள்ளங்காலில் சில்லு ஏறினால் யார் பிடித்துத் தைப்பது?

நாளை பறிப்புக்கு ஆறு பேர் வருகிறார்கள். கீழே இன்னும் மூன்று வரிசை பார்க்கவில்லை. வாளியைக் கொட்டிவிட்டு, வெளிச்சம் போவதற்குள் மறுபடி இறங்க வேண்டும்.