பின்பக்கத்தைக் காட்டச் சொன்னது குற்றமா?

நேற்றைய ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. யார் பெயரையும் எழுதப் போவதுமில்லை. ஏலத்துக்கு வந்த பழைய சினிமா போஸ்டர் அசல்தானா என்று பார்க்க, அதன் பின்பக்கப் படம் வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டார். அவ்வளவுதான். "நம்பிக்கை இருந்தா வாங்கு, இல்லேன்னா ஒதுங்கு" என்று விற்றவரிடமிருந்து பதில் வந்தது. கூடவே நாலு பெரியவர்கள் சேர்ந்து, இத்தனை வருஷமாகச் சேகரிப்பவரையே சந்தேகப்படுகிறாயா என்று அந்தத் தம்பியின் வாயை அடைத்தார்கள். மனசு ஆறவே இல்லை.

பின்பக்கம் கேட்பது அவமரியாதை இல்லை. இந்தச் சேகரிப்பின் அரிச்சுவடியே அதுதான். போலி செய்கிறவன் முன்பக்கத்துக்குத்தான் மெனக்கெடுகிறான். மாட்டிக்கொள்வது பின்பக்கத்தில்.

ஏன் என்று சொல்கிறேன். 1980-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஒன்-ஷீட்கள், அதாவது தியேட்டரில் மாட்டும் வழக்கமான அளவு போஸ்டர்கள், பெரும்பாலும் மடித்துத்தான் தியேட்டர்களுக்குப் போயின. குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, ஆக எட்டுக் கட்டம். படம் உள்ளே இருக்கும்படி மடிந்து பல வருஷம் கிடந்த தாளைப் பிரித்துத் திருப்பினால், வெளியே காற்றுப் பட்ட கட்டங்கள் மட்டும் நன்றாகப் பழுப்பேறியிருக்கும், உள்ளே இருந்தவை வெளிறியிருக்கும். பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே பரவியிருக்கும். மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நார் பிய்ந்து ஊசித்துளை விழுந்திருக்கும். தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்கிய தாளில் இந்தக் கணக்கு எதுவும் வராது. ஒன்று, எட்டுக் கட்டமும் ஒரே நிறம். இல்லையென்றால் தண்ணீர் காய்ந்த இடத்தில் கறை கோடு கட்டி நிற்கும். முன்பக்கப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

சென்ற மாதம் ஒருவர் பார்க்கச் சொல்லி ஒரு தாள் கொண்டுவந்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அருமையான பிரதி. நடுவில் வெள்ளையாக மடிப்புக்கோடு. விரலால் தடவினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, வழவழவென்று ஓடுகிறது. பத்து மடங்கு லென்ஸை வைத்தால், அந்த வெள்ளைக் கோட்டின் விளிம்பே புள்ளிகளால் ஆனது. யாரோ ஒரு அசலை ஸ்கேன் செய்யும்போது அதன் மடிப்பும் சேர்ந்து அச்சாகியிருக்கிறது. நிஜ மடிப்பில் மை உதிர்ந்து, கீழே நார் பஞ்சு மாதிரி தெரியும். அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு மனம் வரவில்லை.

லென்ஸ் இருந்தால் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் படம் புள்ளிகளாக இருந்தாலும் கறுப்பு எழுத்து பொதுவாக ஒரே மையில், விளிம்பு கூர்மையாக நிற்கும். ஸ்கேன் பிரதியில் எழுத்தே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறும். கல் லித்தோ, அதாவது கல்லில் கையால் வரைந்து அச்சிட்டது, என்று சொல்லி விற்கும் தாளில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். லித்தோவில் கிரேயானால் தேய்த்தது போன்ற ஒழுங்கற்ற மணல்தான் தெரியும்.

அளவும் எடுங்கள். 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஒன்-ஷீட் பொதுவாக 27க்கு 41 அங்குலம், பிறகு 27க்கு 40. தியேட்டர் முகப்புக் கூடத்தில் வைக்கும் சின்ன விளம்பர அட்டையான லாபி கார்டு 11க்கு 14. அரை அங்குலம் குறைந்தாலே போலி என்று குதிக்க வேண்டாம், ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். கிழியாமல் காக்கத் துணியில் ஒட்டும்போது ஈரத்தில் தாள் கொஞ்சம் விரியவும் செய்யும். ஆனால் 1950-களின் ஒன்-ஷீட் என்று சொல்லி 24க்கு 36-ஐ நீட்டினால் அது கடைகளுக்காக அடித்த மறுபதிப்பு.

"துணியில் ஒட்டிய போஸ்டருக்குப் பின்பக்கம் எப்படிக் காட்டுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒட்டுவதற்கு முன் எடுத்த படம் இருக்கும், அதைக் காட்டுங்கள். இல்லையா, அசல் என்று அடித்துச் சொல்லாமல் "பின்பக்கம் பார்க்கவில்லை" என்று எழுதி விற்பனை செய்யுங்கள். அமெரிக்காவில் 1930-களின் திகில் பட லாபி கார்டுப் போலிகள் 2009 வாக்கில் அம்பலமானபோது ஏமாந்து நின்றவர்கள் புதியவர்கள் இல்லை, கண் பழகிய பெரிய கைகள். அதற்குப் பிறகும் அனுபவத்தை ஆதாரமாகக் காட்டலாமா?

"புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒளிரவில்லை" என்று இன்னொருவர். 1950 வாக்கிலிருந்துதான் காகிதத்தில் வெண்மையூட்டி, அதாவது புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் ரசாயனம், பரவலாகக் கலந்தது. 1930-களின் தாள் என்று சொல்வது இருட்டறையில் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம், சரி. ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. வெண்மையூட்டி கலக்காத காகிதம் இன்றைக்கும் கிடைக்கிறது, பழைய வெற்றுத் தாளும் கிடைக்கிறது.

"இதையெல்லாம் எழுதினால் போலிக்காரனுக்குப் பாடம் எடுப்பது ஆகாதா?" அவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும் ஐயா. தெரியாதது வாங்குகிறவனுக்குத்தான்.

"படம் அழகாகத்தானே இருக்கிறது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் நானே ஒன்று வாங்கி மாட்டுவேன்.

எனக்கு உண்மையில் வலி தருவது போலி அச்சடித்தவன் இல்லை. அவனை நாம் பார்க்கப் போவதே இல்லை. ஏமாந்துபோய், தெரிந்துகொண்ட பிறகும், போட்ட காசை எடுக்க அடுத்தவர் தலையில் கட்டுகிறோமே, அந்த நாம்தான். ரீரிலீஸ் போஸ்டரின் கீழ் ஓரத்தில் மறுவெளியீடு என்பதைக் குறிக்கும் ஆர் (R) எழுத்தைச் சுரண்டிவிட்டு முதல் வெளியீடு என்று விற்றவர்களும் சேகரிப்பாளர்கள்தான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து மயிர் எழும்பியிருப்பது தெரியும். நம் கையெழுத்து அது.

உங்களிடம் போலி வந்து சேர்ந்திருந்தால், பின்பக்கத்தில் அழியாத மையில் "மறுபதிப்பு" என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். காசு போகும், தெரிந்தேதான் சொல்கிறேன். நேற்று விற்றவருக்கும் ஒன்றே ஒன்று: பின்பக்கத்தை வெளிச்சத்தில் ஒரு படம், அடி எழுத்துக்கு நெருக்கமாக ஒரு படம், அளவு நாடா வைத்து ஒரு படம். எடுக்க ஐந்து நிமிஷம் போதும். அசலாக இருந்தால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி அந்தத் தம்பிக்கு நானே சொல்கிறேன், அவரோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.