உரிமம் மட்டும் போதாது
விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பைப் பற்றிய கட்டுரை, உரிமத் தேர்வுகளில் தேறிவிட்டால் எந்த விமானத்துக்கும் ‘பறக்கத் தகுதியானது’ என்று கையொப்பமிடலாம் என்ற பொருள்பட எழுதப்பட்டிருப்பது, தஞ்சை, கும்பகோணம் பக்கம் கடன் வாங்கிப் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கும் பெற்றோரைத் தவறாக வழிநடத்தும். நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழங்கும் பி1 உரிமம் (விமான உடல், எஞ்சின் பராமரிப்புக்கான பொறியாளர் உரிமம்) கையில் இருந்தாலும், ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானத்தைப் பராமரித்துப் பறக்க விடுவிப்பதற்கு, அந்த வகைக்கென்றே உள்ள டைப் பயிற்சியை முடித்து அது உரிமத்தில் பதிவாக வேண்டும். அதுவும் எஞ்சினோடு சேர்த்தே பதிவாகும். ஏ320-இன் புதிய வடிவமான ஏ320 நியோவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் முன்விசிறிக்கும் அதைச் சுழற்றும் டர்பைனுக்கும் இடையே ஒரு கியர் பெட்டி உண்டு, பழைய ஏ320-இன் சி.எஃப்.எம். 56 எஞ்சினில் அது கிடையாது. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் பராமரிப்பு முறை வேறு. இதையெல்லாம் கணினித் திரையிலேயே கற்றுவிடலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாடப்பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும், ஆனால் செய்முறைப் பகுதி தனியே உண்டு; முதல் டைப் பதிவுக்கு, உண்மையான விமானத்தில் மேற்பார்வையின் கீழ் பணிவழிப் பயிற்சியும் வேண்டும். பாபநாசத்திலிருந்து சென்று படித்த என் அண்ணன் மகன் உரிமம் பெற்ற பிறகும் இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் நெடுநாள் காத்திருந்தான். கட்டணம் கட்டுவதற்கு முன், எந்தப் பராமரிப்புக் கூடத்தில், எந்த வகை விமானத்தில் பயிற்சி தரப்படும் என்பதைப் பெற்றோர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.