கிளை கூடினால் ஒளி கூடுமா?

"மூலக்கூறின் கிளைகளே ஒளிர்கின்றன; கிளை கூடக் கூட ஓஎல்இடி திரையின் வெளிச்சமும் கூடும்" என்று, மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலத்தாலான ஓஎல்இடி திரைகள் பற்றி ஒரு குறிப்பு மட்டக்களப்பு, கல்முனைப் பக்க உயர்தர மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

பச்சை ஒளி தரும் இரிடியம் டென்ட்ரிமரை, அதாவது நடு மையத்திலிருந்து மரம்போல் கிளைவிடும் மூலக்கூறை, எடுங்கள். ஒளிர்வது நடுவிலுள்ள பினைல்பிரிடீன் என்ற கரிம மூலக்கூறு இணைந்த இரிடியம் சிக்கற்சேர்வைதான். கிளைகள் அந்த மையங்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கின்றன. நெருங்கினால் சக்தி வெப்பமாக வீணாகும். கரைசலாகப் பூசவும் கிளைகளே உதவுகின்றன. ஆனால் அளவு மீறி வளர்த்தால் மின்னேற்றம் மையத்துக்கு மையம் தாவும் தூரம் நீண்டு, கூடுதல் வோல்ட்டளவு தேவைப்படும்.

வடிவமைக்கும்போது எண்ணிக்கைக்கு முன் பார்க்கவேண்டியது கிளையின் மும்மை நிலைச் சக்தி (மும்மை நிலை என்பது ஒளிர்வதற்கு முன் மூலக்கூறில் சக்தி தங்கும் கிளர்நிலை). அது மையத்தினதைவிட, அதாவது சுமார் 2.4 இலத்திரன் வோல்ட்டைவிட, உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் சக்தி கிளைக்குள் வடிந்து பச்சை மங்கிவிடும்.

ஆய்வுகூடத்திலும் இந்தக் குறிப்பு பிழையான முடிவுக்கே இழுக்கிறது. டென்ட்ரிமரைத் தொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்து 365 நானோமீற்றர் புறஊதா டோர்ச் அடித்தால் ஒளி மங்கல். உடனே கிளை போதாது என்கிறார்கள். உண்மையில் கரைந்திருக்கும் ஒட்சிசன்தான் அணைக்கிறது. 20 முதல் 30 நிமிடம் நைதரசனைக் குமிழவிட்டுக் குப்பியை இறுக மூடினால் அதே கரைசல் பளிச்சென்று பச்சையாகும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்; தொலுயீன் ஆவி தீப்பற்றும் என்பதையும் மறவாதீர்கள்.

வாவிக்கரை ஈரப்பதனில், காப்பு மூடியில்லாத ஓஎல்இடி சாதனத்தில் கரும்புள்ளிகள் விழும். மூலக்கூறின் துண்டுகளைப் பலேடிய ஊக்கியால் பொருத்தும் சுசுக்கி இணைப்பு வினையில் எஞ்சும் பலேடியமும் ஒளியைக் கெடுக்கும். பலேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் தயோல் சிலிக்காவால் அதை அகற்றிய பிறகே இரண்டு மூலக்கூறுகளை ஒப்பிடுங்கள்.